பதினோராவது கோர்ட் காப்பி

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் படித்துவிட்டு கட்டுக்கதை என்று சிரிக்க நினைப்பவர்கள் ஒரு தடவை தென்காசிக்கு வந்து பார்க்கலாம். கோர்ட்டுக்கு எதிரே அந்த ஜெராக்ஸ் கடை இன்றும் இருக்கிறது. தங்கசாமி அண்ணாச்சியும் இருக்கிறார். சாயங்காலம் நான்கு மணிக்குப் பக்கம் மட்டும் அவர் அந்தக் கடைக்குள் இருக்கமாட்டார். மழையோ வெயிலோ, ரோட்டில் இறங்கி நின்றுகொள்வார். நாலேகால் அடித்த பிறகுதான் உள்ளே வருவார். ஏன் என்று கேட்டவர்கள் பலர். அவர் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன்.

தங்கசாமியின் தொழில் கொஞ்சம் விசித்திரமானது. வழக்கில் ஒருவரைக் கோர்ட் கூப்பிடுகிறது, ஆனால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், பேப்பரில் நோட்டீஸ் போடச் சொல்லி ஜட்ஜ் உத்தரவிடுவார். 'இன்னார் இன்ன தேதி காலை 10.30 மணிக்கு ஆஜராக வேண்டியது, தவறினால் அவர் இல்லாமலேயே தீர்ப்பாகும்' என்று பேப்பரின் ஏதோ ஒரு மூலையில், பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிற எழுத்தில் பார்த்திருப்பீர்கள். வழக்குப் போட்டவர்தான் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை வாங்கி, நோட்டீசைப் பேப்பரில் போட்டு, வந்த பேப்பரையும் ரசீதையும் வக்கீல் ஆபீசில் கொண்டுபோய்ச் சேர்ப்பது தங்கசாமியின் வேலை. பதினான்கு வருஷமாக அவர் வீட்டில் உலை கொதித்தது இதில்தான். அந்த ஜெராக்ஸ் கடையில் ஒரு மேஜைதான் அவருக்கு ஆபீஸ்.

நேர்மையாகச் செய்தால் இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தங்கசாமி நேர்மையாகச் செய்யவில்லை. அவருக்கென்று ஒரு பேப்பர் இருந்தது. பெயர் 'சிற்றாறு முழக்கம்'. தென்காசியில் எந்தப் பெட்டிக்கடையிலும் நீங்கள் அதைப் பார்த்திருக்க முடியாது. ஏனென்றால் அது விற்பனைக்கே வருவதில்லை. ஜெஸ்வின் என்பவர் தன் அச்சகத்தில், கோர்ட் நோட்டீஸ் வந்தால் மட்டும் அதை அடிப்பார். பழைய செய்திகளை அப்படியே வைத்துக்கொண்டு தேதியையும் நோட்டீசையும் மட்டும் மாற்றுவார். மொத்தம் பத்துப் பிரதி. அதற்குக் 'கோர்ட் காப்பி' என்று பெயர். கட்சிக்காரரிடம் பெரிய பேப்பருக்கு என்று ஆறாயிரம் வாங்கி, ஜெஸ்வினுக்கு எண்ணூறு கொடுத்தால் மீதி யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. வக்கீல்களுக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள். தேடப்படுகிறவர் பேப்பரைப் படிக்கவா போகிறார், ஃபைலில் ஒரு தாள் இருந்தால் போதாதா என்பது அவர்கள் நியாயம்.

போன வருஷம் குற்றால சீசன் நேரத்தில் மாஜிதாவின் வழக்கு வந்தது.

மாஜிதா ஐந்தருவிக்குப் போகிற வழியில் துண்டு, சோப்பு, எண்ணெய்ப் பாக்கெட் விற்கிறவள். சாரல் விழுகிற மூன்று மாதம்தான் அவளுக்கு வருமானம். புருஷன் ஹபீபுல்லா சவூதிக்குப் போய் பத்து வருஷம் ஆகிறது. முதல் வருஷம் பணம் வந்தது, போன் வந்தது. அப்புறம் அரபி முதலாளியிடம் சண்டை போட்டுக்கொண்டு வேலையிடத்தை விட்டு ஓடிவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். அதோடு சரி. ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. மகள் ஹம்னா நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். ஜூலைக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் காலேஜை விட்டு நிற்க வேண்டியதுதான். வீட்டின் பேரில் கடன் தர பேங்க் தயார். ஆனால் வீடு ஹபீபுல்லா பெயரில் இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு மேல் தகவல் இல்லாதவர் இறந்ததாகவே கொள்ளப்படுவார் என்று கோர்ட் சொன்னால்தான் வீடு அவள் பெயருக்கு வரும்.

வழக்குப் பேப்பரில் கையெழுத்துப் போடும்போது அவள் அழுதாள். "அவிய மௌத்தாயிட்டாவன்னு நான் எப்படி அண்ணாச்சி எழுதிக் குடுக்க?" என்று தங்கசாமியிடம் கேட்டாள்.

"எழுதுனாத்தான்மா கேஸ் நிக்கும்" என்றார் தங்கசாமி.

ஜட்ஜ் உத்தரவு போட்டார். ஹபீபுல்லா உயிருடன் இருந்தால் அவரோ, அவரைப் பற்றித் தெரிந்தவர்களோ ஜூன் 30-ந் தேதி, திங்கட்கிழமை காலை 10.30 மணிக்கு ஆஜராகித் தெரிவிக்க வேண்டும் என்று நாளிதழில் நோட்டீஸ் கொடுக்க வேண்டியது. மாஜிதா காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்து ஆறாயிரம் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கும்போது தங்கசாமிக்குக் கை கூசவில்லை. அதை அவரே சொன்னார். கூசியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஜூன் 26. வியாழக்கிழமை.

மதியம் மூன்று மணிக்கு ஜெஸ்வின் பத்துப் பிரதியையும் கட்டிக் கொடுத்தார். தங்கசாமி எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டார். மூன்றரைக்கு கரண்ட் போனது. ஜெராக்ஸ் கடைக்காரி விஜயம், "தபால் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துருதேன், கடையப் பாத்துக்கிடுங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு போனாள். வெளியே சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் போன எல்லோரும் அரைகுறையாக நனைந்துதான் போனார்கள். கடையில் தங்கசாமி மட்டும். மேஜையில் அவருடைய செல்போன். மூலையில் ஜெராக்ஸ் மெஷின்.

சுவர்க் கடிகாரத்தில் மணி 3.58.

ஒரு ஆள் உள்ளே வந்தான்.

நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தான். வெளிர்பச்சையில் முழங்கால் வரைக்கும் தொங்கும் ஒரு சட்டை. அதை முன்பின்னாகப் போட்டிருந்த மாதிரி இருந்தது. முன்னால் பட்டன் இல்லை. கழுத்துக்குப் பின்னால் நாடா வைத்து முடிச்சுப் போட்டிருந்தது. காலில் செருப்பு இல்லை. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எப்படி எப்படியோ உடுத்திக்கொண்டு வருவார்கள், அதனால் தங்கசாமிக்கு அது பெரிதாகப் படவில்லை. பெரிதாகப் பட்டது வேறொன்று. அந்த ஆள் நனையவில்லை.

தலைமுடியில் ஒரு சொட்டு இல்லை. காலில் சேறு இல்லை.

"நோட்டீஸ் போடுதது நீங்கதானா அண்ணாச்சி?" என்றான்.

குரலில் ஒரு கோளாறு இருந்தது. வாய் முதலில் அசைந்தது. பேச்சு ஒரு கணம் கழித்து வந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் போனில் அப்படித்தான் கேட்கும்.

"ஆமா. என்ன கேஸு?"

அவன் கையில் மடித்து வைத்திருந்த பேப்பரை மேஜையில் விரித்தான். 'சிற்றாறு முழக்கம்'. இன்றைய தேதி. நான்காம் பக்கம். தங்கசாமி எழுதிக் கொடுத்த நோட்டீஸ், ஒரு எழுத்து மாறாமல்.

ஆனால் தாள் பழுப்பேறிக் கிடந்தது. மடிப்புகள் நைந்து கிழிகிற பதத்தில் இருந்தன. பல வருஷமாகத் தலையணைக்கு அடியில் வைத்திருந்து, நாள்தோறும் எடுத்துப் படித்த பேப்பர் மாதிரி.

தங்கசாமி காலுக்கடியில் இருந்த பையைத் தொட்டுப் பார்த்தார். கட்டு இருந்தது. கட்டிய சணல் அவிழவில்லை. மனதுக்குள் ஜெஸ்வினை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். கூடுதலாக ஒன்று அடித்து எவனிடமோ கொடுத்திருக்கிறான்.

"இது ஒமக்கு எங்கன கெடச்சுது?"

"நாங்க கெடக்குத எடத்துக்கு இந்த ஒரு பேப்பர்தான் வரும்" என்றான் அவன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

பீப்... பீப்... பீப்...

ஜெராக்ஸ் மெஷின் பக்கமிருந்து வந்தது. கரண்ட் இல்லாவிட்டால் விஜயத்தின் யு.பி.எஸ். அப்படித்தான் கத்தும். தங்கசாமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நீரு யாரு பாய்?"

"ஹபீபுல்லா."

இந்த இடத்தில் நீங்கள் பயந்திருப்பீர்கள். தங்கசாமியும் பயந்தார். ஆனால் பேய் என்று அவர் நினைக்கவே இல்லை. அவர் பயந்தது வேறு விஷயத்துக்கு. ஆள் உயிரோடு வந்து நிற்கிறான். திங்கட்கிழமை கோர்ட்டில் போய் நின்றால், 'உமக்கு எப்படித் தெரியும்' என்று ஜட்ஜ் கேட்பார். இந்தப் பேப்பரைக் காட்டுவான். இது என்ன பேப்பர், எங்கே விற்கிறது, எத்தனை பிரதி என்று அடுத்த கேள்வி வரும். பதினான்கு வருஷத்து வண்டவாளம் மொத்தமும் தண்டவாளத்தில் ஏறிவிடும். ஒருத்தி ஒன்பது வருஷமாகத் தேடிய புருஷன் எதிரே நிற்கிறான். அவருக்கு ஓடிய யோசனை இதுதான்.

"திங்கக்கெழமைதான வாய்தா. இன்னைக்கு எதுக்கு வந்தீரு?"

"திங்கக்கெழம வரைக்கும் தாங்காதுன்னு சொல்லுதாவ."

"யாரு சொல்லுதா?"

அவன் கூரையைப் பார்த்தான். கண்ணைச் சிமிட்டவும் இல்லை. உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. கழுத்தை ஒரு மாதிரி பின்னுக்குச் சாய்த்து வைத்திருந்தான். தலைமுடி பின்பக்கம் பலகை மாதிரி படிந்து கிடந்தது. கடைக்குள் டெட்டால் வாசனை அடித்தது.

பீப்... பீப்... பீப்...

"மாஜிதாவ ஒருவாட்டி கூப்பிடுதியளா?" என்றான். மேஜையில் இருந்த செல்போனைப் பார்த்தான். "அவ கொரலக் கேட்டா நான் எந்திரிச்சிருவேன்."

"எந்திரிச்சு நின்னுகிட்டுத்தான இருக்கீரு."

அவன் சிரிக்கவில்லை. "ஒருவாட்டி கூப்பிடுங்க. பேச வேண்டாம். அவ பேசுதத நான் கேட்டாப் போதும்."

"சார்ஜ் இல்ல பாய்" என்றார் தங்கசாமி.

மணி 4.06.

சார்ஜ் இல்லை என்று சொன்ன செல்போன் அடித்தது.

திரையில் பெயர் பளிச்சென்று தெரிந்தது. 'மாஜிதா ஐந்தருவி.'

தங்கசாமி சட்டென்று அதைக் கவிழ்த்து வைத்தார். அது மேஜையில் அதிர்ந்துகொண்டே நகர்ந்தது. ஒரு தடவை... இரண்டு தடவை... எட்டுத் தடவை அடித்து நின்றது.

அந்த எட்டு அடிப்பும் அடிக்கிற நேரம் மூலையில் இருந்த சத்தம் மாறியது. பீப் பீப் பீப் பீப் என்று விரைந்தது.

"அவதான?"

"இல்ல. வக்கீல் ஆபீஸு."

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கியது. கன்னத்தில் வழியவில்லை. நேராகக் காதுப் பக்கம் போனது. மல்லாக்கப் படுத்திருக்கிறவனுக்கு அப்படித்தான் போகும்.

தங்கசாமி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

இவனை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு அப்போது தெரிந்தது.

"ஒமக்கு வெவரமாச் சொல்லுதேன் பாய். கேட்டுக்கிடும். நீரு உசுரோட இருந்தா வீடு அவ பேருக்கு வராது. கடன் கெடைக்காது. ஒம்ம மக படிப்ப நிறுத்தீருவா. நீரு இல்லன்னாத்தான் அவளுவளுக்கு ஒரு வழி. கையில காசு வச்சிருக்கீரா? இல்லல்லா. வெறுங்கையோட வந்து என்னத்தச் செய்யப் போறீரு?"

"ஹம்னா என்ன படிக்கா?"

"நர்சிங்."

"நர்சிங்கா" என்றான். அந்த வார்த்தையை மட்டும் மெல்லச் சொன்னான்.

பீப்... பீப்...

"அப்ப நான் இல்லாம இருக்கதுதான் நல்லதா அண்ணாச்சி?"

"ஆமா."

"மாஜிதா அப்படிச் சொன்னாளா?"

தங்கசாமி ஒரு கணம் யோசித்தார். ஒரே ஒரு கணம்.

"அவதான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா. கோர்ட்டுல இருக்கு."

பீப்...

பீப்...

அவன் பேப்பரை மடித்தான். மெதுவாக. மடிப்பு மடிப்பாக.

மணி 4.11.

"சரி" என்றான்.

பீ...........................

நிற்காத ஒரே சத்தம். காதைத் துளைத்தது. தங்கசாமி மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

சத்தம் நின்றது.

திரும்பினார்.

ஆள் இல்லை.

ரோட்டில் இல்லை. வராந்தாவில் இல்லை. எதிரே கோர்ட் கேட்டில் இல்லை.

சாரல் மட்டும்.

விஜயம் வந்தபோது மணி நாலேகால். தங்கசாமி சட்டை முழுக்க வேர்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, மேலுக்குச் சொகமில்லையா?"

"ஒன் யு.பி.எஸ். ஒரு மாதிரி கத்திச்சு. என்னன்னு பாரு" என்றார்.

விஜயம் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "யு.பி.எஸ். எங்க இருக்கு? ரிப்பேருக்குக் குடுத்து ரெண்டு வாரம் ஆச்சுல்லா."

தங்கசாமி எழுந்துபோய் மெஷினுக்குப் பின்னால் பார்த்தார். தூசியில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது. ஜெஸ்வினுக்குப் போன் போட்டார். எத்தனை பிரதி அடித்தாய் என்று கேட்டார். "பத்துதான். அச்சு பிளேட்டையே கழுவியாச்சு. ஏன் அண்ணாச்சி?" என்றார் ஜெஸ்வின். தங்கசாமி பையை மேஜையில் கொட்டி எண்ணினார். பத்தும் இருந்தது. திரும்ப எண்ணினார். பத்துதான்.

அன்று சாயங்காலமே அவர் ஐந்தருவிக்குப் போக வேண்டியிருந்தது. பேப்பர் தாக்கல் செய்யும் மனுவில் மாஜிதாவின் கையெழுத்து வேண்டும். ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தார். அருவி இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. மாஜிதா கடையில் கூட்டம் இல்லை. மனுவை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாலு மணிக்கு மேல ஒங்களுக்குப் போன் போட்டேன் அண்ணாச்சி. எடுக்கலியே" என்றாள்.

"சிக்னல் இல்லம்மா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சொன்னாச் சிரிப்பிய." அவள் அருவிப் பக்கம் பார்த்தாள். "ஏவாரம் பாத்துக்கிட்டே இருக்கேன். திடீர்னு அருவிச் சத்தம் கேக்கல. தண்ணி விழுது, சத்தம் இல்ல. எம் பேரச் சொல்லி யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. என்னமோ தெரியல, ஒங்களுக்குப் போன் போடணும்னு தோணிட்டு."

தங்கசாமி வாயைத் திறந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு ஆள் வந்தான் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த ஆறாயிரம் குறுக்கே வந்து நின்றது.

"வேலை அசதிம்மா. நல்லாத் தூங்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை. காலை 10.30.

கோர்ட்டில் எந்த வழக்கானாலும் பெயரை மூன்று தடவை வராந்தாவில் கூப்பிடுவார்கள். தங்கசாமி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஹபீபுல்லா..."

மாஜிதா வாசலைப் பார்த்தாள்.

"ஹபீபுல்லா..."

யாரும் வரவில்லை.

"ஹபீபுல்லா..."

ஒருவரும் வரவில்லை. அவ்வளவுதான். மாஜிதாவின் வக்கீல் கல்யாணராமன் பேப்பரை நீட்டினார். ஜட்ஜ் அதைப் புரட்டிப் பார்த்து, "இது எந்த ஊரில் வருகிறது?" என்று கேட்டார். "தென்காசி வட்டாரம் முழுக்க வருதுங்க ஐயா" என்றார் வக்கீல், வாய் கூசாமல். ஜட்ஜ் தலையாட்டினார். ஜூலை இரண்டாம் வாரம் தீர்ப்பு வந்தது. ஹபீபுல்லா இறந்ததாகக் கோர்ட் அறிவித்தது. வீடு மாறியது. கடன் வந்தது. ஹம்னா ஃபீஸ் கட்டினாள். தங்கசாமிக்கு நிம்மதியாக இருந்தது. அன்று வந்தவன் எவனோ ஏமாற்றுக்காரன், அல்லது தனக்கு ரத்த அழுத்தம் என்று அவராகவே ஒரு சமாதானம் செய்துகொண்டார். மனிதன் நினைத்தால் எதற்கும் சமாதானம் கிடைத்துவிடும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மாஜிதா கடைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள். தங்கசாமி விஜயத்திடம் சொல்லித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

"அவியளப் பத்தித் தகவல் வந்துட்டு அண்ணாச்சி" என்றாள்.

வாட்ஸப்பில் ஊர் ஊராகச் சுற்றிய ஒரு செய்தி தென்காசி வரைக்கும் வந்திருக்கிறது. சவூதியில் ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரி. அங்கே ஒன்பது வருஷமாக ஒரு ஆள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். ரோட்டில் வண்டி மோதிக் கொண்டுவந்து போட்டது. கையில் காகிதம் ஒன்றும் இல்லை. பெயர் தெரியாது, நாடு தெரியாது. கட்டில் நம்பர் மட்டும்தான். கேரளத்துப் புனலூர்க்காரப் பெண் ஒருத்தி அங்கே நர்ஸ். அவளுடைய அம்மாவுக்குச் செங்கோட்டை. அதனால் அவளுக்குத் தமிழ் தெரியும்.

"அந்தப் புள்ளைட்ட நானே பேசுனேன். ஒம்போது வருசத்துல வாய் தெறக்காத மனுசன், கடைசி நாள் பேசியிருக்காவ. உதடு அசைய ஆரம்பிச்சுதாம். ஓடிப்போயி காதக் கிட்ட வச்சிருக்கா. தென்காசின்னாவளாம். ஹபீபுல்லான்னாவளாம். எம் பேரச் சொல்லி, கூப்பிடுங்க கூப்பிடுங்கன்னாவளாம். அவளுக்கு யாரக் கூப்பிடுததுன்னு தெரியல, நம்பர் இல்லல்லா. அத வச்சுத்தான் பெறவு எல்லாருக்கும் போட்டோ அனுப்பியிருக்கா."

"என்னைக்கு..." தங்கசாமி நாற்காலியை விட்டு எழுந்தார். திரும்பக் கேட்டார். "என்னைக்கும்மா?"

"ஜூன் இருவத்தாறு. அந்த ஊரு மணி ஒண்ணு இருவத்தெட்டுக்கு பேச ஆரம்பிச்சிருக்காவ. ஒண்ணு நாப்பத்தொண்ணுக்கு எல்லாம் முடிஞ்சுட்டாம். அந்தப் புள்ள ஆஸ்பத்திரி ஏட்டுல எழுதி வச்சிருக்கா."

அந்த ஊருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். கல்ஃபுக்கு ஆள் போன வீடுகள் நிறைந்த ஊரில் அதைக் கணக்குப் போட யாருக்கும் காகிதம் வேண்டாம். தங்கசாமிக்கும் வேண்டியிருக்கவில்லை. இங்கே அப்போது மணி 4.11. அன்றைக்கு அவர் கடைக்கு வந்து நின்றவன் அந்த நிமிஷம் வரைக்கும் உயிரோடு இருந்தவன்.

மாஜிதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்களத் தப்புச் சொல்லல அண்ணாச்சி. நீங்க அலைஞ்சு அந்த நோட்டீசப் போட்டுக் குடுத்திய, ஹம்னா படிப்பு நின்னுபோகாம இருக்கு. அல்லா ஒங்களுக்கு நல்ல கூலி தரணும்" என்றாள்.

தங்கசாமி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். வாசல் வரைக்கும் போனாள். அங்கேயே நின்று திரும்பினாள்.

"ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. கடைசியா அழுதாவளாம். கொஞ்ச நேரம் யாரோ பேசுததக் காது குடுத்துக் கேக்குத மாதிரி இருந்தாவளாம். பெறவு தமிழ்ல, நல்லாத் தெளிவா, 'சரி'ன்னு சொன்னாவளாம். சொன்னதும் உசுரு போயிட்டாம். அந்த ரூமுல அந்தப் புள்ளயத் தவிர வேற ஆளே இல்ல."

அவள் தங்கசாமியின் முகத்தையே பார்த்தாள்.

"யாருட்ட அண்ணாச்சி சொல்லியிருப்பாவ?"